பாவசங்கீர்த்தனம் யார் பண்ணணும்?

எங்கள் வீட்டில் ரெண்டு சாதி இருக்கிறது. நான் பிற்படுத்தப்பட்டவன். என் தம்பி பட்டியல் சாதி. ஒரே அம்மா, ஒரே அப்பா, கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரே தெரு, ஒரே கூரை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அப்பா பெருமையாக ஞானஸ்நானச் சீட்டை நீட்டியிருக்கிறார். கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்று எழுதிக்கொண்டார்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் அது பி.சி. நாலு வருசம் கழித்துத் தம்பியைச் சேர்க்கப் போகும்போது அப்பாவுக்கு விவரம் தெரிந்துவிட்டது. சீட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு, வேறு ஒரு பேர் சொல்லி, இந்து என்று எழுதச் சொன்னார். கோயில் புத்தகத்தில் அவனுக்கு ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர். அப்பாயி ரெண்டையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அவன் 'சின்னவன்', அவ்வளவுதான்.

இதை எழுதவே யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். தம்பி என்று நான் எழுதுகிறவன் என் கூடப்பிறந்தவனா, சித்தப்பா மகனா, எதிர்வீட்டுப் பையனா என்று யாரும் தேடி அலைய வேண்டாம். எங்கள் தெருக்களில் வீட்டுக்கு ஒரு தம்பி இருக்கிறான். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருத்தரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறாய், கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறாய், அப்புறம் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்தின் மேல் செய்கிற மோசடி என்றது. அன்றைக்கு ராத்திரி எங்கள் தெருவில் யார் வீட்டிலும் சரியாகச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தம்பிமார்கள் வரவில்லை. அவர்கள் ஏன் வரவில்லை என்று சாமியார் கேட்கவும் இல்லை.

ரோட்டில் எங்கள் ரெண்டு பேரையும் நிறுத்தி ஒருத்தன் சாதிப்பேர் சொல்லி அடிக்கிறான் என்று வையுங்கள். ஒரே வாய், ஒரே வசவு, ஒரே செருப்பு. அவன் மேல் விழுந்த அடிக்கு 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. என் மேல் விழுந்த அடிக்கு இல்லை. அடிக்கிறவன் மட்டும் எங்களைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

இந்த வித்தையைச் செய்தது 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத எவனும் பட்டியல் சாதி ஆகமாட்டான் என்றது. 1956இல் சீக்கியர்களுக்குத் திறந்தார்கள். 1990இல் பௌத்தர்களுக்குத் திறந்தார்கள். கிறிஸ்தவனுக்கும் முஸ்லிமுக்கும் கதவு மூடியே கிடக்கிறது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சாதியையும் மதத்தையும் பிரித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள், அதற்குக் கெடு மேல் கெடு நீட்டினார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றமே தீர்மானம் போட்டு அனுப்பியது. இதெல்லாம் இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது டெல்லியைப் பற்றி இல்லை, எங்கள் கோயிலைப் பற்றி.

ஒவ்வொரு வருசமும் ஆகஸ்ட் 10 எங்களுக்குக் கறுப்பு நாள். கோயில் வாசலில் கறுப்புப் பட்டை கொடுப்பார்கள். சாமியார் அங்கியின் மேலேயே குத்திக்கொண்டு நிற்பார். "கிறிஸ்தவர்களுக்குள்ளும் தீண்டாமை இருக்கிறது, எனவே தலித் கிறிஸ்தவர்களுக்கும் பட்டியல் உரிமை கொடு" என்று மைக்கில் சொல்வார். நாங்கள் கை தட்டுவோம். அஞ்சு நாள் கழித்து ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். ராத்திரி தேர் புறப்படும். வாணவேடிக்கை, பேண்டு செட்டு, ஜெனரேட்டர் வண்டி. குடித்தெரு எல்லாம் சுற்றிவிட்டு எங்கள் தெரு முக்குக்கு வந்து நிற்கும். அங்கேயிருந்தே ஒரு மந்திரிப்பு. தீர்த்தத்தைத் தூக்கி எங்கள் பக்கம் விசிறிவிட்டு, தேர் திரும்பிவிடும். "ரோடு சின்னது, தேர் திரும்பாது" என்றார்கள். பஞ்சாயத்தில் சண்டை போட்டு ரோட்டை அகலப்படுத்தி, சிமெண்டும் போட்டோம். "ஒயரு தாழக் கிடக்கு" என்றார்கள். கம்பத்தை உயர்த்தி நட்டார்கள். "மாமூல் அப்படி, மாத்துனா சண்டை வரும்" என்றார்கள். கடைசியில்தான் உள்ளதைச் சொன்னார்கள் பாருங்கள்.

திருவிழா வரியும் எங்களிடம் வாங்குவதில்லை. கொடுத்தால் உரிமை வந்துவிடும் அல்லவா? எங்கள் பணம் உண்டியலில் விழுந்தால் மட்டும் தீட்டு இல்லை. உண்டியலுக்குள் போன காசு எந்தத் தெருக்காசு என்று தெரியாது.

பங்கின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அது ஒரு பங்கின் குற்றமாகிவிடும். ஒரு சாமியாரை மாற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். பிலாத்து கை கழுவின தண்ணி இன்னும் வற்றவில்லை.

இப்போது ஒரு பழைய வழக்குக்கு வருகிறேன். சென்னையில் ரோட்டோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்த சூசை என்பவர் போட்ட வழக்கு. செருப்புத் தைக்கும் பட்டியல் சாதித் தொழிலாளிகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே ரோட்டில் அதே ஊசியும் நூலும் வைத்திருந்த சூசைக்குக் கொடுக்கவில்லை, அவர் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் என்பதால். 1985 செப்டம்பர் 30ஆம் தேதி உச்சநீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. தள்ளினதற்குச் சொன்ன காரணத்தை ஒவ்வொரு தலித் கிறிஸ்தவனும் தெரிந்துகொள்ள வேண்டும். மதம் மாறின பிறகும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, இந்து சமூகத்தில் இருந்த அந்தக் கொடுமை அதே கடுமையோடு கிறிஸ்தவ சமூகத்திலும் தொடருகிறது என்று நிரூபிக்க வேண்டும், அப்படிப்பட்ட அதிகாரபூர்வமான, விரிவான ஆய்வு எதுவும் எங்கள் முன்னால் இல்லை என்பதுதான் அந்தக் காரணம்.

ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆதாரம் யாரிடம் இருக்கிறது? செருப்புத் தைக்கிற சூசையிடமா இருக்கும்? ஞானஸ்நானப் புத்தகம் யார் பீரோவில் இருக்கிறது? கல்யாண ஓலை வாசிக்கிறவர் யார்? எந்தக் குழியை எந்தப் பக்கம் வெட்டச் சொல்ல வேண்டும் என்று கோயில்பிள்ளைக்கு உத்தரவு கொடுக்கிறவர் யார்? எந்தப் பங்கில் ரெண்டு கல்லறை, எந்தப் பங்கில் ரெண்டு தூம்பா, எந்தப் பங்கில் தேர் எந்த முக்கோடு திரும்புகிறது என்பதெல்லாம் ஆயர் இல்லத்துக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். நாலு பேர் ஆய்வு செய்ய வேண்டியதில்லை, சாமியார்மார்களைக் கூப்பிட்டு ஒரு நாள் உட்கார வைத்தால் போதும். ஆனால் அந்த ஆதாரத்தை எழுதிக் கொடுத்தால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும், குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது சபை. அதனால் டெல்லிக்குப் போகிற வாயில் "கிறிஸ்தவத்தில் தீண்டாமை இருக்கிறது", பங்குக்குத் திரும்புகிற வாயில் "நம்ம பங்கில் அப்படியெல்லாம் கிடையாது தம்பி". சூசையைத் தோற்கடித்ததில் இந்த ரெண்டாவது வாய்க்கும் பங்கு உண்டு.

காகிதத்துக்குக் குறைச்சல் இல்லை. 1990இல் தமிழக ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் போட்டது. 2004இல் எட்டு அம்சத் திட்டம். பதினாலு வருசத்தில் குறைந்தது தீண்டாமை இல்லை, அம்சத்தில் ரெண்டு. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமைக்குப் போனபோது போப் இரண்டாம் ஜான் பாலே நேரில் சொன்னார், கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பது விசுவாசத்துக்கு விரோதம் என்று. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை நடக்கிறது என்று ஒத்துக்கொண்டது. 2022இல் ஐதராபாத்தின் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், முதல் தலித் கர்தினால். சந்தோஷம்தான், நாங்களும் வெடி வெடித்தோம். ஆனால் ஒத்துக்கொள்வது வேறு, பாவசங்கீர்த்தனம் வேறு. பாவசங்கீர்த்தனத்தில் "நான் பொதுவாகப் பாவி" என்றால் சாமியார் விடுவாரா? என்ன பாவம், எத்தனை தடவை, யாருக்கு எதிராக என்று கேட்பாரா மாட்டாரா? எட்டு வயசுப் பிள்ளை முதல் நன்மைக்கு முன்னால் அந்தத் தொட்டியில் மண்டிபோட்டு எண்ணிக்கை சொல்கிறது. அந்தக் கணக்கைச் சபை ஒருநாளும் சொன்னதில்லை.

கணக்கு நீளமானது, எங்கள் தஞ்சாவூர்ச் சீமையிலேயே ஆரம்பிக்கிறது. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். ராஜநாயக்கன் என்ற பேரை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? தஞ்சாவூர் ராசாவின் படையில் சிப்பாயாக இருந்த பறையர். கத்தோலிக்கராக இருந்தவர், தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதத்தைப் படித்துவிட்டு லுத்தரன் சபைக்கு வந்தார். உபதேசியாராகி இந்த டெல்டா கிராமங்களில் கால் தேய நடந்தார். 1733இல் தரங்கம்பாடியில் முதல் இந்தியப் புராட்டஸ்டண்டு குருவாகப் பட்டம் பெற்றவர் ஆரோன், வெள்ளாளர். பிறகு ராஜநாயக்கன் பேரும் அடிபட்டது. மிஷனரிகள் யோசித்தார்கள். ஒரு பறையன் கையால் நற்கருணை கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு நற்கருணை மேலேயே மரியாதை குறைந்துவிடும் என்று பயந்தார்கள். 1771இல் சாகிறவரை அவர் உபதேசியார்தான். அப்பத்தையும் ரசத்தையும் கடவுளின் உடலாகவும் ரத்தமாகவும் மாற்றுகிற மந்திரத்தால், ஒரு பறையனின் கையை மட்டும் மாற்ற முடியவில்லை.

கத்தோலிக்கம் இதற்கு முந்தியே இன்னும் நேர்த்தியாகச் செய்தது. உயர்சாதிக்கு ஐயர் வேஷத்தில் ஒரு சாமியார், எங்களுக்குப் பண்டாரச் சாமியார். சாகக் கிடக்கிற பறையனுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக் குடிசைக்குள் குனிந்து போக வேண்டுமா வேண்டாமா என்பதே ரோமாபுரி வரைக்கும் போன வழக்கு. புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்னோன், போகத்தான் வேண்டும் என்று 1704இல் கட்டளை போட்டார். அதை மழுப்பிமழுப்பி, 1744இல் பறையர்களுக்கென்று தனிச் சாமியார்களை வைத்துக்கொள்ளலாம் என்பதில் கொண்டுவந்து முடித்தார்கள். குடிசைக்குள் நுழைந்தால் தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு நாற்பது வருசம் லத்தீனில் வாதம்!

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியே போனார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதற்கு முன்னாலேயே, 1829இல், சாதி ஆசாரத்தை ஆதரித்து ஒரு நூலே எழுதியிருந்தார். தனித்தனியாக உட்காருவதை விடமாட்டோம் என்பதுதான் சண்டை. எங்கள் லுத்தரன் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் இன்றைக்கும் அவர் கீர்த்தனைதான் பாடுகிறார்கள். நானும் பாடியிருக்கிறேன். நல்ல தமிழ், நல்ல ராகம். அதுதான் கஷ்டமே.

இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவில் நிற்கிற சுவர் பழங்கதையா? 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் கோயிலைத் தனிப் பங்காக்கிக் கொடு என்று கேட்டதற்கு வீடுகள் நொறுங்கி, கலவரமாகி, போலீஸ் சுட்டு ரெண்டு பேர் செத்தார்களே, அது? கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையம் தலித் கிறிஸ்தவர்கள் திருவிழாவிலும் கல்லறையிலும் எங்களை ஒதுக்குகிறார்கள் என்று சொந்தச் சபைக்கு எதிராக உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. மேய்ப்பன் மேல் ஆடுகள் வழக்குப் போட வேண்டியிருக்கிறது.

அப்பாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்ணையில் நடவு நட்ட கை. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் ஐம்பத்து மூணு மணி ஜெபமாலையும் தப்பாமல் சொல்வாள். 1968 கிறிஸ்துமஸை அவள் மறந்ததே இல்லை. "ராப்பூசை பாத்துட்டு வந்து, மறுநா ராத்திரி படுத்திருக்கோம்டா. கெழக்க வெண்மணில நம்ம சனத்தக் குடிசையில வச்சுக் கொளுத்திட்டான்னு காலையில சேதி வருது. மாட்டுத் தொழுவத்துல பொறந்த புள்ளைக்கு நாங்க பாட்டுப் பாடிட்டு வந்த ஈரம்கூட காயல" என்பாள். நாற்பத்து நாலு பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கேட்டது கூலி நெல்லில் அரைப்படி கூட. டிசம்பர் 28, ஏரோது அரசன் வெட்டிக் கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். வெண்மணி எரிந்த மூணாம் நாள். அன்றைக்கும் கோயிலில் பூசை நடந்திருக்கிறது, மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் நடந்திருக்கிறது. சாமியார் பெத்லகேம் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டார், வெண்மணிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பாள் அப்பாயி. "பயமா இருந்திருக்கும்டா அவருக்கு" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். அந்தச் சமாதானத்தை ஏற்க எனக்கு மனசு வரவில்லை. மிராசுதார்தான் கோயிலுக்குக் கொடிமரம் செய்து கொடுத்தவர்.

அப்பாயி செத்தபோது மழைக்காலம். எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. மேட்டுப் பக்கம் அவர்களுக்கு, பள்ளத்துப் பக்கம் எங்களுக்கு. குழி வெட்ட வெட்டத் தண்ணி ஊறுகிறது. வாளியால் இறைத்துக்கொண்டே பெட்டியை இறக்கினோம், பெட்டி மிதந்தது. நாலு பேர் கழியால் அழுத்திப் பிடிக்க, மேலே மண்ணைத் தள்ளினோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேட்டில் குடையோடு நின்று சாமியார் மந்திரித்தார். அந்த மேட்டில் இடம் இருந்தது. அவர் நின்ற இடமே போதும்.

அப்புறம் ஏன்டா அங்கே கிடக்கிறாய் என்று கூத்தாநல்லூர் சிநேகிதன் ஒருத்தன் கேட்டான். "வெள்ளிக்கிழமை எங்க வரிசையில வந்து நில்லு, எவனும் தள்ளி நில்லுன்னு சொல்லமாட்டான்." நியாயம்தான். 1981இல் மீனாட்சிபுரத்துச் சனங்கள் அதைத்தான் செய்தார்கள். "வரிசை சரி, பொண்ணு குடுப்பியா?" என்றேன். சிரித்துவிட்டு டீக்குக் காசு கொடுத்தான். அவனை மடக்குவதற்காக இதை எழுதவில்லை. வரிசையாவது அவனிடம் இருக்கிறது.

நான் ஏன் கிடக்கிறேன் என்றால் எனக்கு விசுவாசம் இருக்கிறது. இதைச் சொல்லத் தோழர்கள் மத்தியில் கூச்சமாகத்தான் இருக்கிறது. இயேசுவை ஊருக்கு வெளியே கொண்டுபோய்த்தான் அறைந்தார்கள். ஊருக்கு வெளியே என்றால் அது எந்த இடம் என்று எங்களுக்குத் தெரியும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, எல்லோரும் 'பரட்டை' என்று கூப்பிட்டவர், 2005இல் செத்துப்போனார். நற்கருணை என்றால் ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து தின்பது என்றார், பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்து அடித்தார். அந்த உலையில் எனக்கு நம்பிக்கை உண்டு. சாமியார்கள் திண்ணையில் வைத்துக் கொடுக்கிற தனித்தட்டில் இல்லை.

வீட்டு விசயத்தை வீதிக்குக் கொண்டுவராதே, காவிக்காரன் கையில் தடி எடுத்துக் கொடுக்கிறாய் என்கிறார்கள். தடி அவன் கையில் எப்போதோ இருக்கிறது. "மதம் மாறியும் உங்களுக்குச் சாதி போகவில்லையே, திரும்பி வா" என்று அவன் எங்கள் தெருவில் வந்து கூப்பிடுகிறான். அவனுக்கு நான் பதில் சொல்ல வேண்டுமானால் தேர் எங்கள் தெருவுக்குள் வந்திருக்க வேண்டும். அவன் வாயை அடைக்கிற வேலையை ஆயர்மார்கள் எங்கள் வாயை அடைத்துச் செய்யப் பார்க்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். ஆணையத்துக்கு மனு கொடுத்ததெல்லாம் போதும், வாக்குமூலம் கொடுங்கள். ஒவ்வொரு மறைமாவட்டமும், சி.எஸ்.ஐ.யும், லுத்தரன் சபையும் பங்கு பங்காக எழுதட்டும். எங்கே ரெண்டு கல்லறை, எங்கே தேர் நிற்கிறது, எங்கே வரி வாங்குவதில்லை, குருமடத்தில் சேர்ந்த எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், எத்தனை பேரை "அழைத்தல் இல்லை" என்று பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். ஆயர் கையெழுத்துப் போட்டுப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கட்டும். 1985இல் சூசையிடம் இல்லாத காகிதம் அதுதான். கொடுத்தால் அவமானம் வரும். வரட்டும், பாவசங்கீர்த்தனத்தில் அவமானம் இல்லாமல் மன்னிப்பு உண்டா? அபராதம் என்ன என்பதை நாங்கள் சொல்கிறோம், முதலில் வாய்க்காலைத் தூர்ப்பதில் இருந்து ஆரம்பிக்கலாம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு இந்தத் தடவை பள்ளத்துப் பக்கம் வந்து முதலில் மந்திரிக்க வேண்டும் என்று சாமியாருக்கு ஒரு கடுதாசி எழுதினோம். "பாப்போம் தம்பி, பங்குப் பேரவையில வைக்கிறேன்" என்றார். கையெழுத்தோடு கொடுத்தால்தான் வைப்பாராம். தெருவில் ஒவ்வொரு வீடாகப் போனேன். முப்பத்தெட்டுக் கையெழுத்து, அதில் ஒன்பது கைநாட்டு. ராத்திரி வீட்டுக்கு வந்து தம்பியிடம் நீட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டு, "எந்தப் பேரைப் போடட்டும்ணே?" என்றான். காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அவனைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.